வலை யார் கையில்?

குளிக்கும்போதுதான் பெரும்பாலானவர்கள் அதை முதலில் கவனிக்கிறார்கள். தொடையும் வயிறும் சேரும் மடிப்புக்குச் சற்று மேலே, கவட்டையில், எலுமிச்சம்பழ அளவில் ஒரு புடைப்பு. படுத்தால் காணாமல் போகும். எழுந்து இருமினால் எட்டிப் பார்க்கும். வலி இருக்காது, இருந்தாலும் மாலையில் லேசாக இழுத்துப் பிடிப்பதோடு சரி. வீட்டில் சொல்ல வெட்கம். அந்த இடம் அப்படி. ஆறு மாதம், ஒரு வருடம், சிலர் ஐந்து வருடம்கூட வேட்டி மடிப்புக்குள் மறைத்துவைத்தே காலத்தை ஓட்டிவிடுகிறார்கள். பிறகு ஒரு நாள் மருந்துக் கடையில் ‘ஹெர்னியா பெல்ட்’ கேட்டு வாங்குகிறார்கள். பெல்ட் புடைப்பை அழுத்திப் பிடிக்கும், அவ்வளவுதான். வயிற்றுச் சுவரில் விழுந்த ஓட்டையை எந்தப் பெல்ட்டும் அடைத்ததில்லை.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆண்களில் நூற்றுக்கு 27 பேருக்காவது வாழ்நாளில் ஒரு முறை கவட்டைக் குடலிறக்கம், அதாவது ஹெர்னியா, வரும் என்பது மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட கணக்கு. பெண்களில் நூற்றுக்கு 3 பேர். உலகம் முழுவதும் ஆண்டுக்கு 2 கோடிப் பேருக்குமேல் கவட்டைக் குடலிறக்க அறுவை நடக்கிறது. இவ்வளவு சாதாரணமான ஆப்பரேஷன் என்பதாலேயே ஒரு சிக்கலும் இருக்கிறது. யார் செய்தாலும் ஒன்றுதான் என்ற எண்ணம் நோயாளிக்கும் வந்துவிடுகிறது, சில மருத்துவமனைகளுக்கும் வந்துவிடுகிறது.

ஒன்று இல்லை. இந்த அத்தியாயம் அதைப் பற்றித்தான்.

அவசரமா, அவகாசமா?

முதலில் பிரிக்க வேண்டியது இதை. உள்ளே போய்க்கொண்டிருந்த புடைப்பு திடீரென்று உள்ளே போக மறுத்து, கல்போல் இறுகி, தொட்டாலே வலித்தால், கூடவே வாந்தி வந்தால், காற்றும் மலமும் பிரியாமல் நின்றால், மேல் தோல் சிவந்தால், சர்ஜனைத் தேர்ந்தெடுக்கும் வேலையெல்லாம் அங்கேயே முடிந்துவிட்டது. 108ஐ அழைத்து, அறுவை அரங்கம் உள்ள பக்கத்து மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஓட்டையில் சிக்கிய குடலுக்கு ரத்த ஓட்டம் நின்றுபோனால் சில மணி நேரத்தில் அந்தப் பகுதி அழுகத் தொடங்கும். எண்ணெய் தடவி உருவிவிடும் பக்கத்து வீட்டுக் கைவைத்தியத்துக்கு அங்கே இடமே இல்லை.

அப்படி எதுவும் இல்லாத ஆணுக்கு அவகாசம் உண்டு. அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் 2006ஆம் ஆண்டு வந்த ஒரு ஆய்வு, தொந்தரவு இல்லாத அல்லது மிகக் குறைவாக உள்ள 720 ஆண்களை இரண்டு பிரிவாக்கியது. ஒரு பிரிவினருக்கு உடனே அறுவை. மற்றவர்கள் காத்திருந்து பார்க்க வேண்டும். காத்திருந்தவர்களில் குடல் சிக்கி அவசர நிலைக்குப் போனது, ஆயிரம் பேர் ஓராண்டு காத்திருந்தால் இரண்டு பேருக்கும் குறைவு என்ற அளவில்தான் இருந்தது. ஆனால் இரண்டு ஆண்டுக்குள் நான்கில் ஒரு பங்கினர், பெரும்பாலும் வலியால், தாங்களாகவே ஆப்பரேஷனுக்கு வந்துவிட்டார்கள். பத்து ஆண்டு தொடர்ந்து பார்த்தபோது அது 68 சதவீதம் ஆகியிருந்தது. ஆக, காத்திருப்பதில் ஆபத்து குறைவு. ஆனாலும் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு அது அறுவையைத் தள்ளிப்போடுவதாகத்தான் முடிகிறது. அந்த இடைவெளியை நல்ல கையைத் தேடுவதற்குப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

பெண்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்களுக்குத் தொடைப்பக்கக் குடலிறக்கம் ஒப்பீட்டளவில் அதிகம் வருகிறது. அந்த ஓட்டை குறுகலானது, குடல் எளிதில் சிக்கும். பெண்ணின் கவட்டையில் புடைப்பு இருந்தால் தள்ளிப்போடாமல் பார்ப்பதே சரி.

இருமச் சொல்கிறாரா?

சர்ஜனை எடைபோடும் முதல் இடம் அவருடைய ஓ.பி. அறைதான். அங்கே நடக்க வேண்டியது ஏறக்குறைய இப்படி இருக்கும்.

“எழுந்து நில்லுங்கய்யா. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டு இருமுங்க.”

இருமுகிறார்.

“இன்னும் பலமா.”

அழுத்திப் பிடித்திருக்கும் விரல்நுனியில் ஏதோ வந்து தட்டுகிறது. அந்தத் தட்டுதான் நோயறிதல். பிறகு படுக்கவைத்து உள்ளே போகிறதா என்று பார்ப்பார். மறுபக்கக் கவட்டையையும் பார்ப்பார். விரைப்பையைத் தடவிப்பார்த்து, அது குடலா அல்லது நீர் கோத்த ஓதமா என்று பிரிப்பார். புகைபிடிப்பீர்களா, நாள்பட்ட இருமல் உண்டா, முக்கித்தான் மலம் கழிக்கிறீர்களா, சிறுநீர் சொட்டுச் சொட்டாகப் போகிறதா என்று கேட்பார். அறுபதைத் தாண்டியவரிடம் அந்தக் கடைசிக் கேள்வியை விடவே கூடாது. புராஸ்டேட் வீங்கியிருப்பதைக் கவனிக்காமல் குடலிறக்கத்தை மட்டும் சரிசெய்தால், அன்று இரவே சிறுநீர் அடைத்துக்கொண்டு ட்யூப் போட வேண்டி வரலாம்.

கண்ணுக்குத் தெரியும் புடைப்புக்கு ஸ்கேன் அவசியம் இல்லை. ஸ்கேன் தாளை மட்டும் பார்த்துவிட்டு, நோயாளியை நிற்கவைத்துத் தொட்டுக்கூடப் பார்க்காமல், “வியாழக்கிழமை அட்மிட் ஆயிடுங்க” என்று ஒரு மருத்துவர் சொன்னால், வேறொரு மருத்துவரைப் பார்ப்பது நல்லது.

அடுத்தது, நம்மூரில் கேட்கவே தயங்கும் கேள்வி. டாக்டரைத் தெய்வமாகப் பார்க்கும் பழக்கத்தில், அவரிடம் கணக்குக் கேட்பது அபச்சாரமாகத் தோன்றுகிறது. கேட்கும் விதத்தில் கேட்டால் நல்ல சர்ஜன் யாரும் கோபித்துக்கொள்வதில்லை: “டாக்டர், இந்த ஆப்பரேஷன் மாசத்துக்கு எத்தனை பண்ணுவீங்க?” இந்த ஒரு கேள்விக்குள் எவ்வளவு கனம் இருக்கிறது என்பதை அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகள் 14இல் நடந்த ஆய்வு காட்டியது. அதன் முடிவுகள் 2004இல் வந்தன. கவட்டையைக் கீறித் திறந்து, ஓட்டையை மூட வலை வைத்தவர்களில் 4.9 சதவீதத்தினருக்கு இரண்டு ஆண்டுக்குள் குடலிறக்கம் திரும்பி வந்தது, சிறு துளைகள் வழியே அதே வலையை வைக்கும் லேப்ராஸ்கோப்பியில் 10.1 சதவீதம். லேப்ராஸ்கோப்பியே மோசமா? எண்களைப் பிரித்துப் பார்த்தபோது வேறு கதை தெரிந்தது. 250க்கு மேல் லேப்ராஸ்கோப்பி ஹெர்னியா செய்த சர்ஜன்களிடம் திரும்பி வருவது 5 சதவீதத்துக்குக் கீழே இருந்தது. அதே கருவி, அதே வலை, கை மட்டும் வேறு.

2018இல் வெளியான சர்வதேச வழிகாட்டுதல்களும் லேப்ராஸ்கோப்பி ஹெர்னியாவைக் கற்றுத்தேற ஒரு சர்ஜனுக்கு 50 முதல் 100 அறுவைகள் பிடிக்கும் என்கின்றன. முதல் 30 முதல் 50தான் மிகவும் கவனம் தேவைப்படும் காலம். யாராவது ஒருவர் அந்த முதல் ஐம்பதில் இருந்துதான் ஆக வேண்டும். ஆனால் அப்போது மூத்தவர் பக்கத்தில் நிற்கிறாரா என்று தெரிந்துகொள்ளும் உரிமை நோயாளிக்கு உண்டு.

பெயருக்குப் பின்னால் உள்ள எழுத்துகளை எப்படிப் படிப்பது? எம்.எஸ். அல்லது டி.என்.பி. பொது அறுவை என்பது அடிப்படைத் தகுதி. பதிவு எண்ணைத் தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலில் சரிபார்க்கலாம். எஃப்.எம்.ஏ.எஸ்., எஃப்.ஐ.ஏ.ஜி.இ.எஸ். போன்றவை லேப்ராஸ்கோப்பிப் பயிற்சியைக் குறிப்பவை. அவர் பயின்றிருக்கிறார் என்று அவை சொல்லும், எத்தனை செய்தார் என்று சொல்லாது.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லிவிடலாம். முதல் தடவை வந்த, ஒரு பக்கம் மட்டும் உள்ள சாதாரணக் குடலிறக்கத்துக்கு, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் முதுகில் ஊசி போட்டுச் செய்யும் திறந்த முறை வலை அறுவை இரண்டாம் தரம் இல்லை. அங்கே ஒவ்வொரு அறுவை யூனிட்டுக்கும் இது அன்றாட வேலை. கத்தியைப் பிடிப்பவர் முதுநிலை மாணவராக இருக்கலாம். யார் மேற்பார்வை என்று கேட்டுக்கொண்டால் போதும். பளபளப்பான கட்டடத்தில் வருடத்துக்கு நான்கைந்து ஹெர்னியா செய்பவரைவிட அது மேல்.

கொசுவலையும் கனடா மருத்துவமனையும்

வலை வருவதற்கு முன்னால் தையல் இருந்தது. இத்தாலியின் பதுவா நகரத்து சர்ஜன் எதுவார்தோ பாசினி 1887இல் அறிவித்த முறைதான் நவீன ஹெர்னியா அறுவையின் தொடக்கம். ஓட்டையின் இரு பக்கத் தசைகளையும் இழுத்துச் சேர்த்துத் தைப்பது. கிழிந்த சட்டையை இழுத்துத் தைத்தால் தையல் ஓரத்திலேயே மறுபடி கிழிவதுபோல, இழுவிசை தாங்காமல் பலருக்குக் குடலிறக்கம் திரும்பி வந்தது. 1950களின் இறுதியில் அமெரிக்காவின் பிரான்சிஸ் அஷர் பிளாஸ்டிக் வலையைக் கொண்டுவந்தார். லாஸ் ஏஞ்சல்ஸின் இர்விங் லிக்டென்ஸ்டைன், தசையை இழுக்காமல் ஓட்டையின் மேல் வலையை விரித்துத் தைக்கும் முறையை 1989இல் ஆயிரம் நோயாளிகளின் கணக்கோடு வெளியிட்டார். இன்று தமிழ்நாட்டு அரங்கங்களில் ‘ஓப்பன் மெஷ்’ என்றால் பெரும்பாலும் அவருடைய முறைதான்.

வலையைக் கையில் எடுத்துப் பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும். உள்ளங்கையைவிடச் சற்றே பெரிய வெள்ளைத் துணி, ஏறக்குறைய ஆறு அங்குலத்துக்கு மூன்று அங்குலம். விரலால் தேய்த்தால் சொரசொரக்கும். வெளிச்சத்தில் பிடித்தால் கண்ணிகள் தெரியும். பெரும்பாலும் பாலிபுரோப்பிலீன், அரிசிச் சாக்கும் சாப்பாட்டு டப்பாவும் செய்கிற அதே வகைப் பிளாஸ்டிக், மருத்துவத் தரத்தில். அந்தக் கண்ணிகளுக்குள் நம் உடலின் நார்த்திசு வளர்ந்து பின்னிக்கொள்வதுதான் சூட்சுமம். கம்பியைச் சுற்றிக் கான்கிரீட் இறுகுவதுபோல.

கொசுவலை மாதிரி இருக்கிறதே என்று தோன்றினால், அது தப்பே இல்லை. மகாராஷ்டிரத்தின் தொண்டாயிச்சா என்ற சிற்றூரில் மருத்துவம் பார்த்த ரவீந்திரநாத் டோங்காவ்கருக்கும் அப்படித்தான் தோன்றியது. விலை கொடுத்து வலை வாங்க முடியாத நோயாளிகளுக்காக, கொசுவலைத் துணியைக் கிருமிநீக்கம் செய்து வைத்துத் தைத்தார். முடிவுகளை 2003இல் வெளியிட்டார். சிரித்தவர்கள் இருந்திருப்பார்கள். 2016இல் உகாண்டாவில் 302 ஆண்களிடம் செய்த ஆய்வு அந்தச் சிரிப்பை நிறுத்தியது. மலிவு வலை வைத்தவர்களில் ஓராண்டில் ஒரே ஒருவருக்குத் திரும்பி வந்தது. கம்பெனி வலையில் யாருக்கும் இல்லை. இரண்டுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசமே இல்லை. (யாரும் வீட்டுக் கொசுவலையைக் கொண்டுபோய் டாக்டரிடம் நீட்ட வேண்டாம். அது முறைப்படி தேர்ந்தெடுத்து, கிருமி நீக்கி, ஆய்வில் வைத்த துணி.)

எதிர்முனையில் கனடா இருக்கிறது. டொராண்டோவில் 1945இல் எட்வர்ட் ஷோல்டைஸ் தொடங்கிய மருத்துவமனை வயிற்றுச் சுவர்க் குடலிறக்க அறுவையை மட்டுமே செய்கிறது, அதுவும் பெரும்பாலும் வலையே இல்லாமல், அடுக்கடுக்காகத் தைத்து. ஒன்டாரியோ மாகாணத்தில் 1993 முதல் 2007 வரை நடந்த 2,35,000 அறுவைகளை ஒப்பிட்டபோது, அங்கே மறுபடி அறுவைக்குப் போனவர்கள் 1.15 சதவீதம். எண்ணிக்கை குறைவான பொது மருத்துவமனைகளில் 5.21 சதவீதம். உடல் எடை கூடியவர்களை இளைத்துவிட்டு வரச் சொல்லும் மருத்துவமனை அது. நோயாளிகளைப் பொறுக்கி எடுப்பதும் அந்த எண்ணில் கலந்திருக்கிறது. இருந்தாலும் நாள் முழுவதும் அதையே செய்யும் கையின் பலன் அதில் தெரியாமல் இல்லை.

மலிவு வலை ஜெயித்திருக்கிறது, வலையே இல்லாததும் ஜெயித்திருக்கிறது. எந்தக் கம்பெனி வலை என்று மண்டையை உடைத்துக்கொள்ளும் நோயாளி, தேட வேண்டிய இடத்தை விட்டுவிட்டு வேறெங்கோ தேடுகிறார்.

எதை, எங்கே, எப்படி வைப்பது?

அதற்காக வலையைப் பற்றி ஒன்றுமே கேட்க வேண்டாம் என்றில்லை. கவட்டையில் இரண்டு வழிகள் நிலைத்துவிட்டன. ஒன்று முன்பக்கமிருந்து திறந்து வைப்பது. மற்றது லேப்ராஸ்கோப்பியில் பின்பக்கமிருந்து, குறைந்தது 15க்கு 10 சென்டிமீட்டர் அளவுள்ள பெரிய வலையை விரிப்பது. திறந்த முறையை மரத்துப்போகும் ஊசி மட்டும் போட்டுக்கூடச் செய்யலாம். இதயம், நுரையீரல் பலவீனமான முதியவருக்கு அது பெரிய வசதி. லேப்ராஸ்கோப்பிக்குப் பெரும்பாலும் முழு மயக்கம் தேவை. ஆனால் வலி குறைவு, வேலைக்குத் திரும்புவது சீக்கிரம். இரு பக்கமும் இருந்தால் லேப்ராஸ்கோப்பி. முன்பு திறந்து செய்தது திரும்பி வந்திருந்தாலும் லேப்ராஸ்கோப்பிதான். முன்பு லேப்ராஸ்கோப்பியில் செய்தது திரும்பினால் திறந்த முறை. தழும்பு இல்லாத பக்கமிருந்து போவதுதான் இதன் தர்க்கம். ரோபோ? சாதாரணக் கவட்டைக் குடலிறக்கத்தில் லேப்ராஸ்கோப்பியைவிட அது தெளிவாக மேல் என்று நிரூபணம் ஆகவில்லை. பில் மட்டும் தெளிவாக மேலே போகும்.

உடம்பில் பிளாஸ்டிக் வேண்டாம் என்பவர்கள் உண்டு. அது மூடநம்பிக்கை அல்ல, ஒரு விருப்பம். அவர்களுக்கு ஷோல்டைஸ் முறை இருக்கிறது. புனேயின் மோகன் தேசர்தா 2001இல் வெளியிட்ட, நோயாளியின் சொந்தத் தசைநார்ப் பட்டையையே வைத்துத் தைக்கும் முறையும் இருக்கிறது. ஆனால் அவற்றைத் தினமும் செய்பவரிடம்தான் போக வேண்டும். நோயாளி கேட்டுவிட்டாரே என்று, பழகாத தையலை ஒருவர் முயன்று பார்க்கும் மேசையில் படுப்பது வம்பை விலைக்கு வாங்குவதுதான்.

தொப்புளுக்கும் பழைய தழும்புக்கும் கதை வேறு. சிசேரியன், கர்ப்பப்பை நீக்கம் என்று வயிற்றைத் திறந்த இடத்தில் குடல் பிதுங்கும் தழும்புக் குடலிறக்கம் நம் பெண்களிடம் நிறையப் பார்க்கக் கூடியது. அங்கே வெறும் தையல் பலமாகத் தோற்கிறது. 2000இல் வெளியான டச்சு ஆய்வில், மூன்று ஆண்டுக்குள் திரும்பி வந்தது தையலில் 43 சதவீதம், வலையில் 24 சதவீதம். ஒன்று முதல் நான்கு சென்டிமீட்டர் வரையிலான தொப்புள் குடலிறக்கத்தில், திரும்பி வந்தது தையலில் 12 சதவீதம், வலையில் 4 சதவீதம் என்று 2018இல் வந்த ஆய்வு காட்டியது. இங்கே கேட்க வேண்டிய கேள்வி, வலை எந்த அடுக்கில் உட்காரும் என்பது. வயிற்றுக்குள் குடலைத் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் சாதாரணப் பாலிபுரோப்பிலீன் வலையை வைத்தால் குடல் அதில் ஒட்டிக்கொள்ளும். அந்த இடத்துக்கு ஒரு பக்கம் பூச்சுள்ள வலை வேண்டும். அது விலை கூடியது. தசைக்குப் பின்னால் அடுக்குக்குள் வைத்தால் சாதாரண வலையே போதும்.

வலி பற்றிப் பேசாமல் முடிக்க முடியாது. கவட்டை வழியாக மூன்று நரம்புகள் போகின்றன. கவட்டை அறுவைக்குப் பிறகு, கவனிக்கத்தக்க நாள்பட்ட வலி நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பேருக்கு வருகிறது. நாளாக ஆகக் குறைகிறது. அன்றாட வேலையையே முடக்கும் வலி 0.5 முதல் 6 சதவீதம். வலை இல்லாத அறுவையிலும் வலி வரும். வலை மட்டுமே குற்றவாளி இல்லை. “இந்த நரம்புகளை எப்படிப் பார்த்துக்கொள்வீர்கள், வலையை எதால் பொருத்துவீர்கள்?” என்று கேட்கலாம். தையலா, பசையா, ஆணி அடிப்பதுபோன்ற டேக்கரா என்பதற்குத் தயங்காமல் பதில் வந்தால் மனிதர் யோசித்திருக்கிறார். “அதெல்லாம் உங்களுக்கு எதுக்கு?” என்றால், அதுவும் ஒரு பதில்தான்.

பணம், ஓய்வு, ஒரு ஸ்டிக்கர்

தனியார் மருத்துவக் காப்பீடு எடுத்த கையோடு ஹெர்னியா ஆப்பரேஷனுக்கு ஓட முடியாது. ஆரோக்கிய சஞ்சீவனி உள்ளிட்ட பாலிசிகளில் இதற்கு 24 மாதக் காத்திருப்பு உண்டு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை உள்ளவர்கள், தங்கள் வகைக் குடலிறக்கம் எந்த மருத்துவமனையில் அடங்கும், வலையின் விலை அதில் சேர்ந்ததா என்பதை அட்மிஷனுக்கு முன்பே அங்குள்ள காப்பீட்டு மேசையில் கேட்டுக்கொள்ள வேண்டும். சில சிகிச்சைகள் அரசு மருத்துவமனைகளுக்கு மட்டும் ஒதுக்கப்பட்டவை. ‘பேக்கேஜ்’ என்று தனியார் மருத்துவமனை சொல்லும்போது, வலையும் டேக்கரும் உள்ளேயா வெளியேயா என்று எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. பில் வீங்குவது பெரும்பாலும் அந்த இரண்டு வரிகளில்தான்.

ஓய்வு விஷயத்தில் நம்மூர் வழக்கம் கொஞ்சம் அதிகப்படி. மூன்று மாதம் குடம் தூக்காதே, வண்டி ஓட்டாதே என்பார்கள். கவட்டை அறுவைக்குப் பின், வலி அனுமதிக்கும் அளவில் மூன்று முதல் ஐந்து நாளில் அன்றாட வேலைகளைத் தொடங்கலாம் என்பதே 2018 வழிகாட்டுதல். மூட்டை தூக்குபவர் கதை தனி. பெரிய தழும்புக் குடலிறக்கம் இன்னும் தனி. அவர்கள் தங்கள் சர்ஜனிடம் நாள் குறித்து வாங்கிக்கொள்ள வேண்டும்.

கடைசியாக ஒரு சின்னத் தாள். வலை வரும் பெட்டிக்குள் அதன் பெயர், அளவு, லாட் எண் அச்சிட்ட ஒட்டும் சீட்டுகள் இருக்கும். ஒன்று கேஸ் ஷீட்டுக்கு, ஒன்று நோயாளிக்கு. 2016இல் எத்திகான் நிறுவனம் தன் பிசியோமெஷ் வலையை உலகச் சந்தையிலிருந்து விலக்கிக்கொண்டது. வயிற்றுச் சுவர்க் குடலிறக்கத்துக்கு லேப்ராஸ்கோப்பியில் வைக்கும் வலை அது. டென்மார்க்கிலும் ஜெர்மனியிலும் அறுவைகளை வரிசையாகப் பதிந்துவைக்கும் பதிவேடுகளில், அந்த வலை வைத்தவர்களுக்குக் குடலிறக்கம் அதிகம் திரும்பியது தெரியவந்ததால்தான் அது நடந்தது. இங்கே நம் வீட்டு பீரோவில் உள்ள ஃபைல்தான் பதிவேடு. பத்து ஆண்டு கழித்து வேறொரு சர்ஜன் அதே இடத்தைத் திறக்க நேர்ந்தால், உள்ளே என்ன வலை, எந்த அடுக்கில், எதால் பொருத்தியது என்பதை அவருக்கு வேறு யாரும் சொல்லப்போவதில்லை. டிஸ்சார்ஜ் சம்மரியில் அந்த மூன்றும் எழுதி, ஸ்டிக்கரையும் ஒட்டித் தரும்வரை ஆஸ்பத்திரிப் படி இறங்காதீர்கள்.